இல்லாமையில் பிறந்த இனிப்பு

திருமண வீடுகளிலும் கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்திலும் பொன்னிறத் தாள் சுற்றிய உருண்டைச் சாக்லேட்டுகளை இன்று நாம் காண்கிறோம். அவற்றின் மேல் காணும் ஃபெரேரோ என்பது ஒரு குடும்பத்தின் பெயர். அக்குடும்பத் தொழிலுக்கு வித்திட்டவரோ அதன் பலனைக் காண வாழ்ந்திருக்கவில்லை.

வட இத்தாலியில், பியட்மாண்ட் பகுதியிலுள்ள ஆல்பா நகரம் நமக்குப் புதியதன்று. முத்திப்பேறு பெற்ற ஜேம்ஸ் அல்பெரியோனே 1914-இல் புனித பவுல் சபையைத் தொடங்கியது அங்கேதான். அந்நகரில் மனைவி பியேராவுடன் இனிப்புக் கடை நடத்தியவர் பியெத்ரோ ஃபெரேரோ. 1898-இல் பிறந்த இவர், வேறு ஊர்களிலும் தொழில் செய்து பார்த்த பின்னரே ஆல்பாவில் நிலைகொண்டார்.

இரண்டாம் உலகப் போரின் விளைவாகக் கோக்கோ கிடைப்பது அரிதாயிற்று. சாக்லேட்டு ஏழைகளுக்கு எட்டாத பண்டமாயிற்று. பியெத்ரோ தம்மைச் சூழ்ந்திருந்த லாங்கே குன்றுகளை நோக்கினார். அங்கே ஹேசல் கொட்டை மிகுதியாக விளைந்தது. அதன் பருப்பை அரைத்து, சர்க்கரையும் சிறிதளவு கோக்கோவும் சேர்த்துக் கட்டியாக்கித் தாளில் சுற்றி விற்றார். அதனைத் துண்டு போட்டு ரொட்டியோடு உண்ணலாம், விலையும் குறைவு. 1946-இல் இச்சிறு முயற்சி நிறுவனமாயிற்று. தம்பி ஜியோவான்னி விற்பனைப் பொறுப்பை ஏற்றார்.

மூன்றே ஆண்டுகள்! 1949-இல், ஐம்பதாம் வயதில் பியெத்ரோ காலமானார். 1957-இல் தம்பியும் மறைந்தார். ஆயினும் தொழில் சிதறவில்லை. பியேராவும் மகன் மிக்கேலேயும் அதைத் தாங்கி நடத்தினர். தந்தை கண்ட அதே கலவையைப் பூசியுண்ணும் பக்குவத்துக்குக் கொணர்ந்து, 1964-இல் நியூட்டெல்லா என்று பெயரிட்டார் மிக்கேலே. 1982-இல் வந்தது நாம் முதலில் கூறிய பொன்னிற உருண்டை. லூர்து அன்னையிடம் ஆழ்ந்த பக்தி கொண்டிருந்த அவர், மசபியேல் கெபிப் பாறையை எண்ணியே அதற்கு ‘ரோஷே’ எனப் பெயரிட்டார் என்பர். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குப் பாறை என்பது பொருள்.

லாங்கே சிற்றூர்களின் உழவர்கள் தம் நிலத்தை விட்டு நகரில் குடியேறாமலே வேலை செய்யும்படி, அவர்களை அழைத்து வரவும் கொண்டுவிடவும் நிறுவனமே பேருந்துகளை விட்டது. ஓய்வு பெற்ற தொழிலாளருக்காக 1983-இல் ஓர் அறநிலையம் ஆல்பாவில் எழுந்தது. உழைத்தல், படைத்தல், கொடுத்தல் என்பதே அதன் நெறி.

தந்தையின் அடக்கம் முடிந்த சில மாதங்களிலேயே உடன்பிறந்தோர் நீதிமன்ற வாயிலில் நிற்கும் காட்சியை நம் பங்குகளிலும் காண்கிறோமன்றோ? பியெத்ரோ விட்டுச் சென்றது பெருஞ்செல்வமன்று; கைக்கெட்டியதைக் கொண்டு பிறர் பசிக்கும் ஆசைக்கும் வழி தேடிய மனம். அதைப் பாகம் பிரிக்க இயலாது. சேர்ந்து காக்கத்தான் இயலும். நம் பிள்ளைகளுக்கு நாம் எதை விட்டுச் செல்லப் போகிறோம்? இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும் ஒருகணம் எண்ணிப் பார்ப்போம்.