முதுகுவலி

மாலையில் வேலை முடிந்து திரும்பும் தந்தை, "இடுப்பு பிடித்துக்கொண்டது" என்று கூறக் கேட்டிருப்பீர்கள். பாட்டி அதனை 'வாய்வுப் பிடிப்பு' என்பார். பெரும்பாலும் அது வாய்வன்று. முதுகுத் தசைகள் இறுகிக்கொள்வதே ஆகும்.

நம் முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றிற்குக் கீழே உள்ளவை நாம் வளர வளர ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. முள்ளெலும்புகளின் இடையே, நீர்ப்பசை மிகுந்த வட்டுகள் மெத்தைபோல் அமைந்துள்ளன. பகல் முழுவதும் எடையைத் தாங்கும் அவ்வட்டுகள் சிறிது நீரை இழந்து மெலிகின்றன. உறங்கும்போது மீண்டும் பெறுகின்றன. ஆதலால்தான் காலையில் நாம் மாலையைவிடச் சற்று உயரமாக இருக்கிறோம். ஐயமிருப்பின் சுவரோரம் நின்று அளந்து பாருங்கள்.

முழங்காலை மடக்காமல் குனிந்து சுமை தூக்குதல், நெடுநேரம் அசையாது அமர்ந்திருத்தல் ஆகியவை இடுப்பை வருத்துகின்றன. சில வேளைகளில் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும். அப்போது வலி தொடை வழியே பாதம்வரை இறங்கும். உங்கள் புத்தகப்பையும் ஒரு சுமையே. அதன் எடை மாணவரின் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது என நடுவண் அரசின் 2020ஆம் ஆண்டுக் கொள்கை கூறுகிறது. 30 கிலோ எடையுள்ளவருக்கு 3 கிலோதான்!

வலி கண்டவரை நாள்கணக்கில் படுக்க வைத்தல் பழைய வழக்கம். இன்றைய மருத்துவர்கள் இயன்ற அளவு நடமாடவே சொல்கின்றனர். வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். பெரும்பாலான வலி சில வாரங்களில் தணிந்துவிடும். ஆயினும் கால் மரத்தல், கால் வலுவிழத்தல், சிறுநீரை அடக்க இயலாமை, வலியுடன் காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். ஒருநாள் கூலி போய்விடுமே என்று வலியை மறைத்த பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். மறைக்க விடாதீர்கள்.

அங்கே மருத்துவரிடம் இந்தியில் எடுத்துரைக்கும் பொறுப்பு பெரும்பாலும் உங்களுடையதாகவே இருக்கும். தமிழில் குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், மரத்தல் என்பன ஒன்றல்ல. வலி எவ்வகையது, எங்கே, எப்போது தொடங்கியது, காலுக்கு இறங்குகிறதா என்று தந்தையிடமோ தாயிடமோ முன்பே தமிழில் கேட்டு எழுதிக்கொண்டு செல்லுங்கள்.