நேக் சந்தின் பாறைத் தோட்டம், சண்டிகர்
இந்த உருவங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள்: உடம்பெங்கும் பதிந்திருப்பவை உடைந்த வளையல்களும் பீங்கான் சில்லுகளும்.

பழைய கிராமங்களை அகற்றிச் சண்டிகர் நகரம் எழும்பியபோது, பொதுப்பணித்துறைச் சாலை ஆய்வாளர் நேக் சந்த் அங்கே கழித்துப் போட்டவற்றைச் சைக்கிளில் ஏற்றிவந்து சேர்த்தார். கட்டடம் கட்டக் கூடாத அரசு வனநிலத்தில், சுக்னா ஏரிக்கு அருகே, 1957இலிருந்து யாருக்கும் தெரியாமல் மனிதர்களும் விலங்குகளுமாகச் செய்து நிறுத்தினார்.

1970களின் நடுவில் அதிகாரிகள் கண்ணில் பட்டது. சட்டப்படி இடித்திருக்க வேண்டும். ஊரார் ஆதரவால் தப்பியது. 1976இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நேக் சந்துக்குச் சம்பளத்தோடு 50 வேலையாட்களையும் அரசே தந்தது.

1990இல் ஒரு பகுதியை இடிக்கப் புல்டோசர்கள் வந்தன. மக்கள் கைகோத்து மறித்து நின்றார்கள். வந்தவை திரும்பிப் போயின.