மலைத்தோட்டக் குற்றங்களும் மௌனமும்

போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் பலர். அங்கே ஒருத்திக்கு மானபங்கம் நேர்ந்தால் அதை வெளியே சொல்லத் துணிவது அரிது. சொன்னால் மறுநாள் ஜீப்பில் இடம் இராது. வீட்டாரும் மலைக்கு அனுப்பார் என்ற அச்சமே காரணம். கூலி நின்றால் அடுப்பெரிவது எங்ஙனம்? தீங்கு செய்தவனோ, கேட்பாரில்லை என்று அடுத்தவளையும் நாடுவான்.

குற்றம் நடந்தது கேரளத்தில், குடியிருப்பது தேனி மாவட்டத்தில். எந்த நிலையத்தில் முறையிடுவது என்ற மலைப்பும் உண்டு. அம்மலைப்பு வேண்டுவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கு நடந்திருப்பினும், எந்தக் காவல் நிலையத்திலும் தெரிவிக்கலாம். மானபங்கக் குற்றமாயின் பெண் அதிகாரியே எழுதிக்கொள்வார். வாய்மொழியாகச் சொன்னதைப் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் பெறுவர், நகலுக்குக் கட்டணமில்லை.