பழைய கணினியில் பாதுகாப்பு எச்சரிக்கைகளும் தொடக்க நிரல்களும்

சில ஆண்டுகள் பயன்படுத்திய கணினியில் நச்சுநிரல் தடுப்பு மென்பொருளைக் கொண்டு முழுச் சோதனை செய்தால், முடிவில் சில எச்சரிக்கைகள் தோன்றுவது உண்டு. அதே கணினி இயங்கத் தொடங்கப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்வதும் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்து, வைரஸ் புகுந்துவிட்டது என்று முடிவுசெய்து, பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடுவோர் பலர். எச்சரிக்கை என்பது மென்பொருள் எழுப்பும் ஐயம். அதை உறுதிசெய்வது பயனரின் பொறுப்பு. கோப்பு எது என்று அறிந்த பின்னரே நடவடிக்கை எடுக்க வேண்டும். அந்த நடவடிக்கையும் திரும்பப் பெறக்கூடியதாக இருக்க வேண்டும்.

எச்சரிக்கை உருவாகும் விதம்

நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்கள் முக்கியமாக இரண்டு முறைகளில் செயல்படுகின்றன. முதலாவது, ஏற்கெனவே அறியப்பட்ட நச்சுநிரல்களின் அடையாளக் குறிப்புகளோடு கோப்பை ஒப்பிடுவது. இரண்டாவது, கோப்பின் அமைப்பையும் நடத்தையையும் கொண்டு ஊகிப்பது. இரண்டாம் முறையால் புதிய நச்சுநிரல்களையும் பிடிக்க முடியும். ஆனால் நல்ல நிரல்களும் இதில் சிக்குவதற்கு வாய்ப்பு அதிகம். எச்சரிக்கைப் பெயரில் ‘ஜெனரிக்’, ‘ஹியூரிஸ்டிக்’ போன்ற சொற்கள் இருந்தால் அது பெரும்பாலும் பொதுவான அடையாளத்தையோ ஊகத்தையோ வைத்துப் பிடிக்கப்பட்டது என்று கொள்ளலாம். ‘பியூஏ’ அல்லது ‘பியூபி’ என்று இருந்தால், அது வேண்டாததாக இருக்கக்கூடிய நிரல் வகையைக் குறிக்கும். ‘டிராக்கிங் குக்கி’ என்பது இணையதளங்கள் விட்டுச்செல்லும் சிறு குறிப்புக் கோப்பு. அது வைரஸ் அன்று.

தவறான எச்சரிக்கைகள்

2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட அடையாளக் கோப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 கணினிகளில் உள்ள ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்னும் அமைப்புக் கோப்பை வைரஸ் என்று தவறாக அறிவித்தது. விண்டோஸின் பல சேவைகள் இந்தக் கோப்பின் வழியாகவே இயங்குகின்றன. அது நீக்கப்பட்டதும் கணினிகள் இணைய இணைப்பை இழந்தன. மீண்டும் மீண்டும் தாமாகவே நின்று தொடங்கின. பல நாடுகளில் அலுவலகங்களின் பணி தடைப்பட்டது.

மனிதர்கள் பரப்பிய பொய் எச்சரிக்கையும் உண்டு. 2002-இல் ஒரு மின்னஞ்சல் பல மொழிகளில் பரவியது. கரடிப் பொம்மைப் படத்தைச் சின்னமாகக் கொண்ட கோப்பு கணினியில் இருந்தால் அது வைரஸ் என்றும், தடுப்பு மென்பொருள்களால் அதைக் கண்டுபிடிக்க முடியாது என்றும், உடனே அழிக்குமாறும் அது கூறியது. உண்மையில் அது விண்டோஸுடன் வந்த, ஜாவா நிரலாளர்களுக்கான கோப்பு. மின்னஞ்சலை நம்பிப் பலர் அதைத் தம் கையாலேயே அழித்தனர்.

எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டியவை

1. எச்சரிக்கையின் பெயர், கோப்பின் பெயர், அது இருக்கும் கோப்புறை ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. இடத்தைக் கவனிக்க வேண்டும். ‘சிஸ்டம்32’ கோப்புறையில் இருக்க வேண்டிய கோப்பு தற்காலிகக் கோப்புறையில் இருந்தால் ஐயம் வலுக்கிறது. அமைப்புக் கோப்பின் பெயரில் ஓரெழுத்தை மட்டும் மாற்றி வைத்துக்கொள்ளும் நச்சுநிரல்களும் உள்ளன.

3. கோப்பின் மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்து, ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் வெளியீட்டாளரின் மின்னணுக் கையொப்பம் உள்ளதா என்று பார்க்கலாம்.

4. ‘வைரஸ்டோட்டல்’ தளத்தில் கோப்பைப் பதிவேற்றினால், 70-க்கும் மேற்பட்ட தடுப்பு மென்பொருள்களின் கணிப்பு ஒரே இடத்தில் கிடைக்கும். ஒன்றிரண்டு மட்டும் எச்சரித்தால் அது தவறாக இருக்கலாம்; பெரும்பாலானவை எச்சரித்தால் நம்ப வேண்டும். அங்கே பதிவேற்றும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படுவதால் சொந்த ஆவணங்களைப் பதிவேற்றக் கூடாது.

5. ஐயம் தீராதவரை ‘டெலிட்’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல் ‘குவாரன்டைன்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோப்பு இயங்க முடியாதபடி தனிமைப்படுத்தப்படும். தவறு என்று தெரிந்தால் மீட்டெடுக்கலாம்.

இணைய உலாவியில் திடீரெனத் தோன்றி, ஒரு தொலைபேசி எண்ணை அழைக்கச் சொல்லும் எச்சரிக்கை மோசடியே ஆகும். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை. அந்தச் சாளரத்தை மூடிவிட வேண்டும், அழைக்கக் கூடாது.

தொடக்க நிரல்கள்

கணினியில் நுழைந்தவுடன் தாமாகவே இயங்குபவை தொடக்க நிரல்கள். புதிதாக நிறுவப்படும் மென்பொருள்கள் பலவும் இப்பட்டியலில் தம்மைச் சேர்த்துக்கொள்கின்றன. நினைவகம் குறைவாகவும் வன்தட்டு மெதுவாகவும் உள்ள பழைய கணினியில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் எழும்போது தாமதம் ஏற்படுகிறது. ஆகவே, மெதுவாகத் தொடங்குவது மட்டுமே வைரஸுக்குச் சான்று ஆகாது. ஆனால் நச்சுநிரல்களும் இதே பட்டியலில் ஒளிந்துகொள்வதால் அதைப் பார்வையிடுவது பயனுள்ளது.

விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 ஆகியவற்றில் ‘ரன்’ பெட்டியில் ‘எம்எஸ்கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சிட்டால் இப்பட்டியலைக் காணலாம். விண்டோஸ் 8 முதல் இது ‘டாஸ்க் மேனேஜர்’ பகுதியில் உள்ளது; கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். இங்கே ஒரு நிரலை முடக்கினால் அது தானாகத் தொடங்காது, அவ்வளவே. மென்பொருள் கணினியிலேயே இருக்கும். தேவையானால் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

பாட்டு இயக்கி, உரையாடல் செயலி போன்றவற்றைப் பெரும்பாலும் முடக்கலாம். நச்சுநிரல் தடுப்பு மென்பொருளையும், ஒலி, தொடுபலகை ஆகியவற்றுக்கான நிரல்களையும் விட்டுவைக்க வேண்டும். என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் தொடக்கத்திலேயே இயங்குமாறு அமைக்கப்பட்டிருந்தால், அதை முடக்கிய பின் தமிழில் தட்டச்சிட அதைக் கையால் திறக்க வேண்டியிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டும் முடக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து பார்த்தால், சிக்கல் வரும்போது காரணம் எளிதில் தெரியும்.

பழைய கணினியின் எல்லை

ஒரே கணினியில் இரண்டு தடுப்பு மென்பொருள்களை நிறுவினால் அவை ஒன்றோடொன்று மோதி, வேகத்தை மேலும் குறைக்கும். அதைவிடப் பெரிய குறை, ஆதரவு முடிந்த இயங்குதளம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 ஆகிய நாள்களோடு பொதுவான ஆதரவு முடிந்தது. அதன்பின் கண்டறியப்படும் ஓட்டைகளை எந்தத் தடுப்பு மென்பொருளாலும் முழுமையாக அடைக்க இயலாது. அத்தகைய கணினியில் வங்கிப் பணிகளைத் தவிர்ப்பது நல்லது. புதிய விண்டோஸை ஏற்க முடியாத கணினிகளுக்கு, லுபுன்டு போன்ற எளிய லினக்ஸ் பதிப்புகள் ஒரு மாற்றாகும். எந்த மாற்றத்தைச் செய்வதற்கு முன்பும் படங்களையும் ஆவணங்களையும் வெளிவன்தட்டு ஒன்றில் நகலெடுத்துத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.