காதுக்குக் கேட்காத செலவு

மகாராஜபுரம், வத்திராயிருப்பு பக்கத்தில் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன கார் வாங்குகிறவர், ஆர்.சி. மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் போகக் கையில் மிஞ்சும் பத்தாயிரத்தையோ பதினைந்தாயிரத்தையோ வைத்து பாட்டு ‘செட்டை’ மாற்றலாம் என்று ராஜபாளையத்துக்கோ மதுரைக்கோ வண்டியை விடுகிறார். கடையில் அவர் கண் முதலில் போவது பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்ஸ் கணக்கில். பணமும் அதன் பின்னாலேயே போகிறது. பட்ஜெட் சிறிதாக இருக்கும்போது, காதுக்குக் கேட்காத பொருளுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் வாதம். தரமான ஒயர், பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸ், கதவுக்குள் ஒட்டும் டாம்பிங் ஷீட், முறையான பில், இன்சூரன்ஸ் பாலிசியில் கூடுதலாக ஒரு வரி. இவற்றை விட்டுவிட்டு வாங்கும் எந்த ஸ்பீக்கரும் மலிவாக முடிவதில்லை.

வாட்ஸ் கணக்கை ஏன் நம்பக் கூடாது என்பதற்குச் சாட்சி அந்தச் செட்டிலேயே இருக்கிறது. ‘50 வாட்ஸ் × 4’ என்று முகப்பில் அச்சிட்ட செட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒயர்கள் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில், விரல் நகம் அகலத்தில் ஒரு பிளேடு ஃபியூஸ் செருகியிருக்கும். பெரும்பாலும் சிவப்பில் 10 என்றோ நீலத்தில் 15 என்றோ எண் இருக்கும். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியே தொடர்ந்து உள்ளே போகக்கூடியது 144 வாட்ஸ்தான். செட்டுக்குள் இருக்கும் சாதாரண ஆம்ப், வாங்கிய மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை வெறும் சூடாக்கிவிடும். மீதி 72 வாட்ஸை நான்கு ஸ்பீக்கருக்குப் பங்கு வைத்தால் ஒன்றுக்கு 18. ஃபியூஸ் 15 ஆம்பியராக இருந்தாலும் 27. ஆகவே 50 என்பது நொடியின் சிறு பகுதிக்கு எட்டிப் பார்க்கும் உச்சம். தொடர்ந்து கிடைக்கும் சக்தியைச் சொல்லும் கணக்கு ஆர்எம்எஸ். அமெரிக்காவில் சிஇஏ-2006 என்ற அளவுகோல் உண்டு. 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், 1 சதவீதத்துக்கு மேல் ஒலி சிதையாமல் எத்தனை வாட்ஸ் வருகிறது என்று அளந்து சொல்ல வேண்டும் என்கிறது அது. பெட்டியில் ஆர்எம்எஸ் கணக்கே இல்லையென்றால் அந்தப் பெட்டியை மேசையிலேயே வைத்துவிடலாம்.

வாட்ஸ் கூடினால் சத்தம் கூடத்தானே செய்யும் என்று கேட்கலாம். கூடும், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. சக்தியை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும். அதே 3 டெசிபலை, 89-க்குப் பதிலாக 92 டெசிபல் சென்சிடிவிட்டி (அதே சக்தியில் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தே பெற்றுவிடலாம். அட்டையின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை. முன்கதவு ஜோடியை மட்டும் மாற்றி, கதவுத் தகட்டின் ஓட்டைகளை அடைத்து டாம்பிங் ஒட்டினாலே, முன்னால் வரும் ஒலியைப் பின்னால் வரும் ஒலி தின்பது குறைந்து, அடிச்சத்தம் தெளிகிறது. பின் ஸ்பீக்கரும் சப்-ஊஃபரும் அடுத்த போனஸ் வரை காத்திருக்கலாம்.

தனி ஆம்ப் வைப்பவர் மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் ஒயர். ஆர்எம்எஸ் 500 வாட்ஸ் தரும் டி-கிளாஸ் ஆம்ப் முழு வேகத்தில் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மலிவு ஒயர் கிட்டுகள் பலவற்றில் இருப்பது செம்பு பூசிய அலுமினியம். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அதன் கடத்துத்திறன் செம்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், அதே கனத்தில் அது சூடேறும். எஞ்சின் பக்கமிருந்து உள்ளே ஒயர் நுழையும் தகட்டு ஓட்டையில் ரப்பர் புஷ் இல்லையென்றால், மேடு பள்ளத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் தகட்டின் விளிம்பு இன்சுலேஷனை அறுத்துக்கொண்டே இருக்கும். ஒயர் தகட்டைத் தொடும் நாளில் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருந்தால் அது எரிந்து வண்டி பிழைக்கும். ஆம்ப்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று சொல்லும் ஃபிட்டரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஆம்ப்பில் இருக்கும் ஃபியூஸால் பேட்டரியிலிருந்து வரும் ஒயரைக் காப்பாற்ற முடியாது.

இனி பில். “பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்ணே” என்ற பேச்சு கடைகளில் சகஜம். அப்படிக் குறைத்த பணம், உங்கள் உரிமையை விற்ற விலை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராததையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பழுதான பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. ஆகவே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற ரப்பர் ஸ்டாம்பைக் காட்டிப் பழுதான பொருளை உங்கள் தலையில் கட்ட முடியாது. இன்னொன்றும் உண்டு: அதே சட்டத்தில் விளம்பரம் என்ற சொல்லுக்குள் லேபிளும் உறையும் அடங்கும். பெட்டியில் அச்சிட்ட பொய் வாட்ஸையும் தவறான விளம்பரம் என்று கேள்வி கேட்கலாம். பில்லில் மாடல் எண், சீரியல் எண், ஃபிட்டிங் கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கூலி பில்லில் இல்லாவிட்டால், ஒயரிங் கோளாறு யார் வேலை என்று பின்னால் நிரூபிப்பது கடினம்.

வெளியில் செட் மாற்றினால் வாரண்டி மொத்தமும் போய்விடும் என்ற பயம் பலரைத் தடுக்கிறது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்த உத்தரவில் இந்தப் போக்கையும் தொட்டது. வாடிக்கையாளர் வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளி வேலையால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்றது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. என்றாலும் அந்த நியாயம் பேசத் தகுந்தது. அது உங்கள் பக்கம் நிற்க வேண்டுமானால் கம்பெனி ஒயரை வெட்டக் கூடாது. உங்கள் மாடலுக்கான கப்ளர் வாங்கிப் போடுங்கள். வெட்டிச் சுற்றிய இன்சுலேஷன் டேப் உங்களுக்கு எதிரான சாட்சி. மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர்கள் பக்கம் யார் கையும் போகவே கூடாது.

அடுத்தது இன்சூரன்ஸ். வண்டியோடு வராத எலக்ட்ரிக்கல் பொருளைப் பாலிசியில் தனியாகச் சேர்க்க ஐஎம்டி 24 என்ற இணைப்பு இருக்கிறது. பொருளின் மதிப்பில் 4 சதவீதம் என்பது டாரிஃப் கணக்கு. 20,000 ரூபாய் செட்டுக்கு வரி தவிர 800 ரூபாய். பில் இல்லாதவரால் மதிப்பைக் காட்ட முடியாது. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி வைத்திருப்பவருக்கு இந்த வழியே கிடையாது.

எட்டாயிரம் ரூபாய் செட்டுக்காக யார் கோர்ட் வாசலில் நிற்பது என்பதுதான் கடைசியில் எல்லோரும் சொல்வது. வழக்கு இழுக்கும் என்பது உண்மை. சட்டம் 3 மாதமும், பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதமும் குறித்தாலும், நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும். ஆனால் 5 லட்சம் வரை கட்டிய விலைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. மதுரையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மகாராஜபுரத்துக்காரர் வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் வழியாக பஸ்ஸிலேயே போய்விடலாம். அதற்கும் முன்னால், பில்லின் நகலோடு கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். அதுவரை பில்லை டேஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் அந்தப் பில் தாளின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.