கடன் தொல்லை தீர வழி என்ன?

நல்ல நாளில் யாரும் கடன் வாங்குவதில்லை. மழை பொய்க்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது. பெண்ணுக்குக் கல்யாணம் கூடி வருகிறது. கையில் காசு இல்லை. அப்போதுதான் கடன்!

தர்மபுரி மாவட்டம் மழையை நம்பிய பூமி. மழை இல்லாவிட்டால் ராகியும் இல்லை; நிலக்கடலையும் இல்லை. கடனை அடைப்பதற்கென்றே பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குப் போனவர்கள் இங்கே ஏராளம். போயும் பல வீடுகளில் கடன் தீருவதில்லை. காரணம் என்ன?

வட்டி செய்யும் வேலை

கணக்குப் பார்ப்போம். ஒருவர் 10,000 ரூபாய் வாங்குகிறார். ரூபாய்க்குப் பத்துப் பைசா வட்டி. மாதம் 1,000 ரூபாய் ஆகிறது. ஒரு வருடத்தில் 12,000 ரூபாய் கட்டிவிடுகிறார். ஆனாலும் அசல் 10,000 ரூபாய் அப்படியே நிற்கிறது!

அதே கடனுக்கு ரூபாய்க்கு ஒரு பைசா வட்டி என்று வைத்துக்கொள்வோம். அதே 1,000 ரூபாயை மாதாமாதம் கட்டினால், பதினோராம் மாதம் கடன் முழுவதும் தீர்ந்துவிடும்!

கட்டிய பணம் ஒன்றுதான். வட்டிதான் வேறு. ஆகவே வட்டியைக் குறைப்பதே முதல் வேலை.

கணக்கு எழுதுங்கள்

கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். ஒளிவுமறைவு வேண்டாம். யாரிடம் வாங்கியது, எவ்வளவு, என்ன வட்டி, இதுவரை கட்டியது எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ, அதை முதலில் அடையுங்கள். இரண்டு ஆட்டை விற்றால் கந்து வட்டிக் கடன் தீருமா? விற்றுவிடுங்கள். ஆடு மீண்டும் வாங்கலாம். நகை அடகுக் கடையில் அதிக வட்டிக்கு இருக்கிறதா? கூட்டுறவுச் சங்கத்திலும் வங்கியிலும் வட்டியை விசாரியுங்கள். குறைவாக இருந்தால் நகையை மீட்டு அங்கே வையுங்கள்.

ஒரு வாரக் கடனைக் கட்ட இன்னொரு வாரக் கடன் வாங்காதீர்கள். குழியை மூட வேறு குழி தோண்டும் கதை அது!

தர்மபுரி காட்டிய வழி

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களை அரசு தொடங்கியது எங்கே தெரியுமா? தர்மபுரி மாவட்டத்தில்தான்! ஆண்டு 1989. அப்போது கிருஷ்ணகிரியும் இந்த மாவட்டத்தில் சேர்ந்திருந்தது. ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த சர்வதேச விவசாய வளர்ச்சி நிதியம் உதவி செய்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

வழி எளியது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் சேருகிறார்கள். சிறுகச் சிறுகச் சேமிக்கிறார்கள். அவசரம் வந்தவருக்கு அந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்கிறார்கள். வட்டி எவ்வளவு என்பதைக் குழுவே முடிவு செய்கிறது. அந்த வட்டி வெளியே போவதில்லை. குழுவின் கணக்கிலேயே சேருகிறது. வரவு செலவு ஒழுங்காக இருந்தால், சொத்து ஈடு கேட்காமல் வங்கியும் கடன் தருகிறது.

மிரட்டினால் என்ன செய்வது?

தொல்லை தாங்காமல் ஊரை விட்டு ஓடியவர்கள் உண்டு. உயிரை விட்டவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம்! சட்டம் இருக்கிறது.

2003-ல் தமிழ்நாட்டில் கந்து வட்டித் தடைச் சட்டம் வந்தது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று அநியாய வட்டி வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. 30,000 ரூபாய் வரை அபராதம். அரசு நிர்ணயித்த வட்டியுடன் பணத்தைக் கோர்ட்டில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யும்படி கேட்கவும் இந்தச் சட்டத்தில் இடம் உண்டு. கடன் நிறுவனங்கள் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? மாவட்ட கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை. இலவசமாகவே வக்கீல் கிடைப்பார். போகும்போது பணம் கட்டிய ரசீதையும் கணக்கு நோட்டையும் கொண்டுபோங்கள்.

ஆகவே, நோட்டை இன்று இரவே எடுங்கள். எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ, அதை முதல் வரியில் எழுதுங்கள்.