வாய்ச்சொல் கூட்டும் வழக்கு மன்றமும்

பழவேற்காட்டு ஏரியில் எவர் எந்நாள் எவ்விடத்தில் வலையிடுவது என்பதைப் 'பாடு' என்னும் வழக்கம் வகுத்துள்ளது. அதற்கு ஊரே சாட்சி. ஆனால், அனுப்பம்பட்டில் ஒரு மீன் வியாபாரி தம்மிடம் கூலிக்கு இருந்தவரை நோக்கி, "இனி நீ கூலியாள் அல்ல, இலாபத்தில் பாதி உனக்கு" என்று கூறுவதாகக் கொள்வோம். அச்சொல்லுக்கு அவ்விருவரே சாட்சி. நூல் ஒருவருடையது, தறியும் உழைப்பும் மற்றவருடையது என்று தொடங்கும் நெசவுத் தொழிலிலும் நிலைமை இதுவே. பின்னர் மனஸ்தாபம் நேர்ந்து, பழைய முதலாளி கையை விரித்தால் சட்டம் துணை நிற்குமா?

வாயால் பேசிய கூட்டும் செல்லும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமோ, 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டமோ அதற்கு எழுத்தைக் கட்டாயமாக்கவில்லை. எனினும், இலாபத்தில் பங்கு பெறுவதனால் மட்டும் ஒருவர் கூட்டாளி ஆகிவிடார் என்பது பின்னைய சட்டத்தின் 6-ஆவது பிரிவு. ஊழியருக்கு ஊதியமாகவும் இலாபப் பங்கு தரலாம். அவ்வாறாயின் ஊதிய பாக்கி என்றே வழக்கிடலாம்.

கூட்டாளி எனில் 69-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. பதிவு பெறாத நிறுவனத்தின் கூட்டாளி, ஒப்பந்த உரிமையைக் கோரி மற்றக் கூட்டாளிமீது வழக்கிட இயலாது. எழுத்து மட்டும் இக்குறையைப் போக்காது. மாங்கனீசு ஏற்றுமதிக்காகக் கடித மூலம் கூட்டுச் சேர்ந்த இரு தரப்பினரின் வழக்கில், மத்தியஸ்தரை நியமிக்கக் கோரிய மனுவையும் இப்பிரிவு தடுக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1964-இல் தீர்ப்பளித்தது.

ஆயினும் ஒரு வாயில் திறந்துள்ளது. கூட்டைக் கலைக்கவும், கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கவும் பதிவில்லாத கூட்டாளியும் வழக்கிடலாம். காலவரையறையற்ற கூட்டை எழுத்து மூலமான அறிவிப்பால் கலைக்கலாம். கலைந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் கணக்கு வழக்குத் தொடர வேண்டும். பங்கு விகிதம் பேசப்படாதிருப்பின், இலாபத்தில் சமபங்கு என்பதே சட்டம். கூட்டு இருந்தது என்பதை மெய்ப்பிக்கச் சிட்டை, பேரேடு, சரக்குச் சீட்டு, வங்கிக் கணக்கு, கைப்பேசிச் செய்தி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துதல் அவசியம்.

பதிவு விண்ணப்பத்தில் கூட்டாளிகள் அனைவரும் கையொப்பமிட வேண்டும். பகை மூண்டபின் அக்கையொப்பம் கிட்டாது; வழக்குத் தொடுத்தபின் செய்யும் பதிவும் அவ்வழக்கைக் காவாது. நம் சங்கத்தில் துணைவிதிகள் எழுத்தில் உள்ளன. அங்கத்தினர் பெயர் பதிவேட்டில் உள்ளது. நட்பு நிலவும் நாளிலேயே அவ்வொழுங்கைச் சொந்தத் தொழிலிலும் கைக்கொள்வோமாக.